நாலாம் நம்பர் ஒயர்

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருடங்களாக மின்னோட்டவியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கரும்பலகையில் நான் போடும் மின்சுற்று ஒருநாளும் பழுதானதில்லை. சாக்பீஸ் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கடைசி பெஞ்சுக்கும் தெரியும். சுவருக்குள் போகும் ஒயரிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. இந்த முனையில் உள்ளே நுழைவது தெரியும். அந்த முனையில் எங்கே தலைகாட்டும் என்பது அதைப் போட்டவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும். (போட்டவர் அன்று ஆத்தூரில் இருந்தார். ஆண்டவன் தலையிடவில்லை.)

சம்பவம் நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் யாராவது மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றால் என் கை தானாகப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்கிறது.

எல்லாம் ஒரு வாக்குறுதியில் ஆரம்பித்தது.

என் ஒரே மகள் தாரணி பதினோராம் வகுப்பில் காலெடுத்து வைத்த அன்று, எங்கள் ஊர் வழக்கப்படி நாங்கள் அப்போதுதான் கட்டிக் குடிவந்திருந்த வீட்டில் கேபிளைத் துண்டித்தோம். நாமக்கல் பக்கம் பிள்ளை பன்னிரண்டாவது படிக்கும் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. டிவிக்கு மேல் பெட்ஷீட் போர்த்தியிருக்கும், சொந்தக்காரர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போவார்கள், குக்கர்கூட மெதுவாக விசில் அடிக்கும். நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். என் செல்போனில் இருந்த பாட்டுகளை எல்லாம் அழித்தேன். "பரீட்சை முடியட்டும் சாமி. இந்தப் புது ஊட்டுல உனக்குத் தியேட்டரே கட்டித் தாரேன். செவுத்துக்குள்ள ஒயரு ஓட்டி, நாலு மூலையிலயும் ஸ்பீக்கர் வச்சு, இடி இடிச்சா ஊடே அதிரணும்" என்றேன். தாரணி அப்போது சிரித்தாள். அதற்கப்புறம் இரண்டு வருடம் அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவள் படித்தது என் பள்ளியில், என் வகுப்பில். பள்ளியில் நான் மிஸ், வீட்டில் அம்மா. அப்படித்தான் பேச்சு. ஆனால் வீட்டிலும் நான் கேள்வித்தாளோடுதான் திரிந்தேன். தோசை வார்த்துக்கொண்டே கிர்ச்சாஃப் விதி கேட்டேன். தலை பின்னிவிடும்போது தலையைத் திருப்ப முடியாது என்பதால் அந்தப் பத்து நிமிடத்தை வாய்ப்பாடுகளுக்கு ஒதுக்கினேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "மிஸ், கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றாள். அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது. நானும் கவனிக்காதவள் போல ரசம் ஊற்றினேன்.

பரீட்சை முடிந்தது. நான் நினைத்தது மருத்துவம், அவள் எடுத்தது வேளாண்மை. கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. விடுதி விதிமுறைகள் அச்சடித்த தாளைப் படித்துக்கொண்டிருந்தவள், தலை தூக்காமல் கேட்டாள்.

"லீவு உட்டா ஊட்டுக்கு வந்தே ஆகணுமாம்மா? அங்கயே இருந்துக்கலாம்னு போட்டிருக்கு."

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி என் நெஞ்சில் எலும்புத்துண்டு போல நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் பிள்ளைகளைத் திட்டி, அவர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் ஓடி வந்து வணக்கம் சொல்லும்படி வைத்திருக்கிறேன். என் பிள்ளைக்கு வீட்டுக்கு வர மனமில்லை. அப்போதுதான் அந்தப் பழைய வாக்குறுதி ஞாபகம் வந்தது. அவள் கிளம்புவதற்குள் அந்தத் தியேட்டரை முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் அவள் வருவாள். இதில் என்ன தர்க்கம் என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயரும் வந்து பெட்டியோடு கிடந்தன. ஒயர் வேலையை ஆரம்பித்தவர் ஜாபர் பாய். எங்கள் வீட்டுக்குப் பைப் பதித்த எலக்ட்ரீஷியன், பழகிய மனிதர். பாதி வேலையில் இருந்தபோது அவர் தங்கை மகளுக்கு ஆத்தூரில் நிக்காஹ் கூடிவிட்டது.

"நாலு நாள்ல வந்துர்றேங்க டீச்சர். நீங்க எதையும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாரணி கிளம்புவது ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. பாய் வருவது திங்கள்கிழமை. சனிக்கிழமை காலையில் நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

என் கணவரிடம் போனில் சொன்னேன். அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு மேனேஜர், வருடத்தில் எட்டு மாதம் வடக்கே எங்காவது பாறையில் துளை போட்டுக்கொண்டிருப்பார்.

"ஏனுங்க, நானே முடிச்சிடறேன். வெறும் ஒயரு இழுக்கற வேலைதான?"

பின்னால் கம்ப்ரஸர் இரைச்சல். அதையும் மீறி அவர் கத்தினார். "நானூறு அடி போர்ல மாட்டுன ராடைக்கூட எடுத்துரலாம். நீ செவுத்துல கை வெக்காத!"

கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் 'வெக்காத' என்ற எதிலும் நான் கை வைக்காமல் விட்டதில்லை.

என்னிடம் ஒரு வரைபடம் இருந்தது. பாய் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் போட்டுக்கொடுத்தது. டிவிக்குப் பின்னால் ஒரு பெரிய பெட்டி. அதிலிருந்து நான்கு பைப்புகள் சுவருக்குள் கிளம்பி நான்கு மூலைக்குப் போகின்றன. ஒன்று முன் இடது, இரண்டு முன் வலது, மூன்று பின் வலது, நான்கு பின் இடது. அதை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பத்திரத்துக்கு அடியில் வைத்திருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வீடு கட்டும்போது, அந்த வரைபடம் போட்ட பிறகு, பூச்சு வேலைக்கு முந்தின வாரம், வாஸ்து பார்ப்பவர் ஒருவர் வந்தார். ஹாலின் நடுவில் நின்று கண்ணை மூடி, "டிவி இருக்கற செவுரு குடும்பத்தலைவிக்கு மனக்கவலை கொடுக்கும்" என்றார். டிவியை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். அதாவது ஹாலை அப்படியே பின்பக்கம் திருப்பிப் போட்டோம். பாயும் பைப்புகளை அதற்குத் தக்கபடி மாற்றிப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்து விளக்கினார். நான் அப்போது அரையாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "சரிங்க பாய், சரிங்க பாய்" என்று பதினேழு தடவை சொன்னேன். என்ன சொன்னார் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. (மனக்கவலை எந்தச் சுவரில் இருந்து வந்தது என்று கேட்க வாஸ்துக்காரரை நான் பிறகு தேடினேன். கிடைக்கவில்லை.)

காலை ஒன்பது மணிக்கு வேலையை ஆரம்பித்தேன். பாதுகாப்பு முக்கியம் என்று முதலில் ஹால் லைட், ஃபேன், வாசல் காலிங் பெல் எல்லாவற்றுக்கும் சேர்ந்த சுவிட்சை மெயின் பெட்டியில் அணைத்தேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் மூன்று பைப்பிலும் பாய் வெறும் கம்பி மட்டும் விட்டிருந்தார். கம்பியின் ஒரு முனையில் ஒயரைக் கட்டி மறுமுனையில் இழுக்க வேண்டும். ஒயர் வழுக்கிக்கொண்டு போக எலக்ட்ரீஷியன்கள் முகப்பவுடர் தூவுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு டப்பா சந்தனப் பவுடரை முழுக்கக் கொட்டினேன். ஒயரைத் தாரணி அங்கே தள்ள, நான் இங்கே இழுக்க, மூன்றாம் பைப் திடீரென்று வழிவிட்டு நான் மல்லாக்க விழுந்தேன். எழுந்தபோது தலையும் புருவமும் வெள்ளை. ஹால் முழுக்கப் பெண் அழைப்பு வாசனை.

தாரணியின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று பார்ப்பதற்குள் அடங்கிவிட்டது.

"பாய் திங்கக்கெழம வந்துருவாருல்லம்மா. எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"

"இன்னைக்கே முடிக்கோணும். சாயங்காலம் படம் பாக்கறோம்."

"நான் கேக்கவே இல்லியே."

"நான் சொன்னேன்ல? சொன்னா செய்யோணும்."

 தையல்காரரிடம் கொடுத்த சுடிதார்களை வாங்கி வருவதாக ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் நம்பர் பைப்பில் எனக்கு அதிர்ஷ்டம் காத்திருந்தது. பாய் ஏற்கெனவே ஒயரை இழுத்துவிட்டிருந்தார்! பின்பக்க இடது மூலையைப் பார்த்தேன். அங்கேயும் சுவரிலிருந்து ஒரு ஒயர் முனை தொங்கியது. இரண்டும் ஒரே ஒயர் என்று நினைப்பதற்கு எந்த இயற்பியலும் தேவைப்படவில்லை. டிவிக்குப் பின்னால் பெட்டிக்குள் ஐந்தாவதாக இன்னொரு ஒயர் சுருண்டு கிடந்தது. வரைபடத்தில் ஐந்து என்று ஒன்று இல்லை. வரைபடத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று முடிவெடுத்து அதை உள்ளே தள்ளி மூடினேன்.

மூன்றரை மணிக்கு எல்லாம் மாட்டியாகிவிட்டது. சத்தம் வெளியே போய்விடக் கூடாது என்று தியேட்டருக்காகவே தடிமனாகப் போட்டிருந்த கதவையும் ஜன்னல்களையும் சாத்தித் திரைகளை இழுத்துவிட்டேன். இப்போது ஏதாவது ஒலிக்க வேண்டும். செல்போனை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தேன். போனில் பாட்டு இல்லை. அழித்தவள் நான்தானே. தேடினேன். என் போனில் இருந்த ஒரே ஒலி, என் ஒலிதான்.

அந்தப் பதிவுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாரணியை நாலரை மணிக்கு எழுப்ப நான் கண்டுபிடித்த வழி அது. அலாரம் என்றால் அணைத்துவிடுவாள். ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் என் குரலில் பதிவு செய்தேன். முதலில் எழுப்புதல், பிறகு பாடம். எழுந்துகொண்டே படித்துவிடலாம், ஒரு நொடி வீணாகாது. (இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு நல்லாசிரியர் விருதே கிடைத்துவிட்டது போல இருந்தது.)

அலகு இரண்டை அழுத்தினேன். முன் இடது பேசியது. முன் வலது பேசியது. பின் வலது பேசியது. பின் இடது மூலை மட்டும் ஊமை.

கழற்றி மாட்டினேன். ஊமை. சிவப்பையும் கறுப்பையும் மாற்றினேன். ஊமை. சரி, விஞ்ஞான முறையில் அணுகுவோம் என்று மற்ற மூன்று ஒயர்களையும் ஆம்ப்ளிஃபயரில் இருந்து உருவிவிட்டேன். நாலாம் நம்பர் ஒயரை மட்டும், நன்றாக வேலை செய்த முதல் துளையில் செருகினேன். இனி இந்த ஒயர் பேசியே ஆக வேண்டும். பதிவை முதலில் இருந்து ஓட்டினேன்.

ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

சத்தம் போதவில்லை போல என்று குமிழைத் திருகினேன். பாதி வரை. மறுபடி முதலில் இருந்து. மூலைக்குப் போய் ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. வந்து முக்கால் வரை திருகினேன். மறுபடி முதலில் இருந்து. விடுவதாக இல்லை. இரண்டு வருடம் ஒரு பெண்ணை நாலரை மணிக்கு எழுப்பியவள், ஒரு ஸ்பீக்கரை எழுப்ப முடியாதா? கடைசி வரை திருகி, முடிந்ததும் பதிவு தானாக மறுபடி ஓடும்படி வைத்தேன். மூலையில் மண்டியிட்டு, பவுடர் முகத்தோடு, அந்தக் கறுப்புப் பெட்டியை முறைத்தபடி பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

சமையலறைப் பக்கம் பின்கதவை யாரோ தட்டினார்கள்.

திறந்தேன். பிரபு. பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் மகன், இருபத்தேழு வயது. சொந்தமாக இரண்டு வண்டி வைத்துக் கோழிப்பண்ணைகளிலிருந்து முட்டை ஏற்றிக்கொண்டு போகிறான். மறுநாள் தாரணியையும் என்னையும் அவள் பெட்டி படுக்கையோடு கோயம்புத்தூரில் விடுவதாகச் சொல்லியிருந்ததும் அவன்தான். என்னிடம் படித்தவன் வேறு.

"மிஸ்..." என்றவன் என் முகத்துப் பவுடரைப் பார்த்து ஒரு கணம் தடுமாறினான். "பெல்லு அடிச்சோங்க. அடிக்கல. கதவத் தட்டுனோம். உங்களுக்குக் கேக்கல."

"ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யல பிரபு. அதான்..."

"செய்யுதுங்க மிஸ்."

"இல்ல சாமி, சத்தமே வரல."

"வருதுங்க. வாசல்ல."

திறந்த பின்கதவு வழியாகத் தெருப்பக்கம் ஏதோ முழங்குவது அப்போதுதான் என் காதில் விழுந்தது. போர்ட்டிகோ! வீடு கட்டும்போது, காலையில் பக்திப் பாட்டு கேட்க வேண்டும் என்று என் கணவர் ஆசைப்பட்டுப் போர்ட்டிகோ கூரையில் வட்டமாக ஒரு ஸ்பீக்கர் பதிக்கச் சொன்னார். என் பதினேழு 'சரிங்க பாய்'க்குள் ஒன்று அதுவாக இருந்திருக்கும்.

முன்கதவைத் திறந்தேன்.

தாரணியை வழியனுப்ப வந்த தெருப் பெண்கள் எட்டுப் பத்துப் பேர் போர்ட்டிகோவில் நின்றிருந்தார்கள். சரோஜா அக்கா கையில் எள்ளுருண்டை நிறைத்த தூக்குப்போசி. கேட்டுக்கு அருகே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சுடிதார்ப் பையோடு தாரணி.  எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரையிலிருந்து அசரீரியாக, தெருக்கோடி வரை கேட்கும்படி, என் குரல் நான்காவது முறையாக ஆரம்பித்தது.

"எந்திரி சாமி! மணி நாலரை. மூணாவது ஊட்டுல லைட்டு எரியுது பாரு. அந்தக் கீர்த்தி ரெண்டு பாடம் முடிச்சிருப்பா. நீ தூங்கு. நல்லாத் தூங்கு. தூங்கித் தூங்கிப் பக்கத்து ஊட்டுப் பிரபு மாதிரி முட்டை வண்டி ஓட்டலாம். அவனும் இப்படித்தான் தூங்குனான்! அலகு இரண்டு. மின்னோட்டவியல். சுற்று முழுமையாக மூடப்பட்டிருந்தால் மட்டுமே அதில் மின்னோட்டம் பாயும் என்பதை நினைவில் கொள்க..."

உள்ளே ஓடி ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பி வாசலுக்கு வர எனக்குப் பத்தடி. அந்தப் பத்தடி போல நீளமான தூரத்தை நான் நடந்ததில்லை.

மூன்றாவது வீட்டு அம்மாதான் முதலில் வாய் திறந்தார்கள். கீர்த்தியின் அம்மா. தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

"ஏனுங்க டீச்சர்... அது பாத்ரூம் லைட்டுங்க."

"என்னங்க?"

"சுவிட்சு ரிப்பேருங்க. ரெண்டு வருசமா அணையறதே இல்ல. எங்க கீர்த்தி எந்திரிக்க ஏழரை ஆயிருமுங்க."

இரண்டு வருடம். எழுநூறு விடியற்காலைகள். நான் என் மகளை ஒரு பழுதான சுவிட்சைக் காட்டி எழுப்பியிருக்கிறேன்.

நான் தாரணியைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு இல்லை. சரோஜா அக்காவைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்திருந்தது. தூக்குப்போசியைப் படியில் வைத்தார்.

"எம் பையன நீங்க சொன்னதுக்கு இல்லீங்க டீச்சர். நானே அவன தெனமும் சொல்றதுதான். உங்க தாரணியக் காட்டித்தான் சொல்லுவேன். ஆனா நாலு செவுத்துக்குள்ள சொல்லுவேனுங்க. இப்படிக் கூரை மேல வச்சு ஊருக்கேவா சொல்லுவாங்க?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதில் பவுடர்த் தும்மல்தான் வந்தது.

அந்தத் தும்மலில்தான் தாரணி உடைந்தாள். சுடிதார்ப் பையைக் கீழே போட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், கேட்டைப் பற்றியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று பதறிப் போய் ஓடினேன். இல்லை. இரண்டு வருடத்துச் சிரிப்பு மொத்தமும் ஒரே சமயத்தில் வெளியே வர முட்டி மோதிக்கொண்டிருந்தது.

"பாத்ரூம் லைட்டா!" என்றாள். மூச்சு வாங்கினாள். "அம்மா... பாத்ரூம் லைட்டும்மா! நான் அந்த லைட்டப் பாத்துப் பாத்து அழுதிருக்கேன்மா!"

அவள் சிரிப்பைப் பார்த்துக் கீர்த்தியின் அம்மா சிரித்தார்கள். பிறகு எல்லோரும். சரோஜா அக்காவைத் தவிர. நானும் சிரித்தேனா என்று தெரியவில்லை. 'அழுதிருக்கேன்' என்ற சொல் மட்டும் என் காதில் தனியாக நின்றது. இன்னும் நிற்கிறது.

பிரபு உள்ளே போனான். நான் பின்னாலேயே போய், "பிரபு, அது... நான்..." என்று இழுத்தேன்.

அவன் என்னைப் பார்க்காமல், சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்த பேட்டரியை எடுத்தான். டிவிக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து, நான் உள்ளே தள்ளிய ஐந்தாவது ஒயரை இழுத்து, அதன் சிவப்பு, கறுப்பு முனைகளைப் பேட்டரியில் தொட்டான். பின் இடது மூலையில் 'டொக்' என்றது ஸ்பீக்கர்.

"இதுதானுங்க மிஸ் உங்க ஒயரு. நாலாவது வாசலுக்குப் போறது."

"இது எப்படிப்பா தெரியும்?"

"நீங்கதானுங்க லேப்ல காட்டுனீங்க. ஸ்பீக்கர்ல பேட்டரி வச்சா சத்தம் வரும்னு." நிதானமாக ஒயர் முனையை முறுக்கினான். "நான் தூங்குனேன்தான் மிஸ். ஆனா அன்னைக்கு முழிச்சிருந்தேன்."

இருபத்திரண்டு வருட அனுபவத்தை அந்தச் சிறு பேட்டரிக்கு முன்னால் தலைகுனிந்து நிற்க வைத்தேன். "மன்னிச்சிரு சாமி" என்றேன். அவன் கடிகாரத்தைத் திரும்ப மாட்டினான்.

"நாளைக்கு அஞ்சு மணிக்குக் கிளம்போணுமுங்க. எந்திரிக்க மாட்டேன்னு பயமா இருந்துச்சு. அந்தச் சத்தத்த ஒருக்கா வாசல்ல போட்டுருங்க, நான் எந்திரிச்சுக்கறேன்."

சாயங்காலம் ஆறரைக்குப் படம் போட்டோம். ராஜா, ராணி, குதிரைப்படை எல்லாம் உள்ள படம். தெருவே ஹாலில் உட்கார்ந்தது. சரோஜா அக்கா மட்டும் உள்ளே வரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டேன். "பரவால்லீங்க, நான் வாசல்லயே உக்காந்துக்கறேன். காத்து வருது" என்று போர்ட்டிகோ நாற்காலியில் அமர்ந்து தெருவைப் பார்த்தபடி இருந்தார். தாரணி பிரபுவின் காதில் ஏதோ சொன்னாள். அவன் நாலாம் நம்பர் ஒயரையும் பின் இடது ஒயரோடு சேர்த்து முறுக்கிவிட்டான். வாசலில் இருப்பவருக்கும் படம் கேட்கட்டுமே என்று. (அப்படி இணைத்தால் மின்தடை குறையும் என்று சொல்ல வாய் வரை வந்தது. மூடிக்கொண்டேன்.)

ஆனால் படம் ஓடும்போது பின் இடது ஸ்பீக்கர் வசனம் பேசாது. முதுகுக்குப் பின்னால் நடப்பது மட்டும்தான் அதற்கு வரும். அரைமணி நேரம் கழித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு சரோஜா அக்கா வந்தார்.

"ஏனுங்க டீச்சர், என்ன படமுங்க இது? ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டீங்கறான். அரைமணி நேரமாக் குதிரைதான் ஓடுது. நடுவுல ஒருக்கா மழை பேஞ்சுது!"

ஹாலே சிரிப்பில் அதிர்ந்தது. இடி இடித்து அதிர வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட அதே அளவு. தாரணி நகர்ந்து உட்கார்ந்து, "பெரிம்மா, இங்க வாங்க" என்று எனக்கும் அவளுக்கும் நடுவில் இடம்விட்டாள். சரோஜா அக்கா உட்கார்ந்தார். எள்ளுருண்டையில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வைத்த விதத்தில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது. அது எனக்கு வேண்டியதுதான்.

படத்தின் நடுவே என் கணவர் போன் செய்தார். "அந்தப் போர்ட்டிகோ ஸ்பீக்கர ஒருக்கா போட்டுப் பாத்தியா? வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க" என்றேன். "ரொம்ப நல்லா செய்யுது."

மறுநாள் விடுதி வாசலில் பெட்டிகளை இறக்கிவிட்டு நான் கிளம்பும்போது தாரணி என் போனை வாங்கினாள். எதையோ அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன சாமி பண்ற?"

"அந்த ரெக்கார்டிங்க எனக்கு அனுப்பிக்கறேன்."

"அதெல்லாம் எதுக்கு? அழிச்சிரு தாயி."

"இங்க என்னை யாரும்மா எழுப்புவா?" என்று போனைக் கொடுத்தாள். பிறகு, பிரபுவின் வண்டியைக் காட்டி, "அண்ணன் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா லோடு எறக்க இங்க வருதாம். திரும்பும்போது நானும் ஏறிக்கறேன்" என்றாள்.

நான் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டியில் ஏறினேன். அவினாசி தாண்டும் வரை பிரபு என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல பையன்.

அவள் சொன்னபடியே வருகிறாள். விடுதித் தோழிகளையும் மாற்றி மாற்றி அழைத்து வருவாள்; போன மாதம் புதிதாக மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் கேட்டைத் திறந்து, "வாங்க சாமி, வாங்க" என்றேன். மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். ஒருத்தி கையில் இருந்த பையைத் தவறவிட்டாள்.

"அய்யோ, நாலரை மணி ஆன்ட்டி!" என்றாள் இன்னொருத்தி.

விடுதியில் அவர்கள் மாடி முழுக்க ஒன்றரை வருடமாக என் குரலில்தான் கண் விழிக்கிறதாம். அலகு இரண்டு எல்லோருக்கும் மனப்பாடம். வேளாண்மை படிக்கும் பெண்கள்.

உள்ளே வந்து காபி குடிக்கவில்லை, ஹாலில் இருக்கும் தியேட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்கள்.

"ஆன்ட்டி, பக்கத்து வீட்டுப் பிரபு யாருங்க? ஒருதடவை பாக்கணும்."

பிரபு அடுத்த வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, முட்டை அட்டைகளின் பக்கத்தில் நின்று, ஒருத்தி அவனோடு படம் எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தான். அவனுக்குப் பழகிவிட்டது. அதற்குள் தாரணி மற்ற இருவரையும் மூன்றாவது வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அந்தப் பாத்ரூம் சுவிட்சை இதுவரை மாற்றவில்லை. இனி மாற்றப்போவதும் இல்லையாம். பார்க்க ஆள் வருகிறதல்லவா என்று கீர்த்தியின் அம்மா சொல்லிவிட்டார்கள்.